முதல் பாடம்: இதுக்கு எத்தனை வயசு?

பேகனிசம் பற்றி எழுதப்போகிறோம் எண்டதும் எங்களுக்குள்ளேயே இரண்டு பேர் சிரித்துவிட்டார்கள். கூரான தொப்பி, விளக்குமாறு, கறுப்புப் பூனை. படங்களில் பார்த்தது அவ்வளவுதான். ஆனால் பிரித்தானியா, ஐஸ்லாந்து, அமெரிக்கா போன்ற நாடுகளில், கிறிஸ்தவத்துக்கு முந்திய ஐரோப்பியத் தெய்வங்களையும் பருவங்களையும் கொண்டாடுகிற மனிதர்கள் இன்றைக்கும் இருக்கிறார்கள். எல்லோருக்கும் பொதுவான ஒரு வேதநூலோ தலைமைப்பீடமோ அவர்களுக்கு இல்லை. அப்ப, புதிதாக ஆர்வம் வருகிற ஒரு இருபது வயதுப் பிள்ளை யாரிடம் போய்ப் படிக்கும்?

முந்தி இது லேசான காரியமில்லை. இங்கிலாந்தில் 1735ஆம் ஆண்டின் சூனியச் சட்டம் 1951இல்தான் நீக்கப்பட்டது. அதன்பிறகு 1954இல் ஜெரால்ட் கார்ட்னர் ஒரு புத்தகம் எழுதி, இன்றைக்கு 'விக்கா' என்று அறியப்படும் வழியை வெளியுலகத்துக்குக் கொண்டுவந்தார். அவருடைய வழியில் சேர ஒரு சிறு குழுவைத் தேடிப்பிடித்து, இரகசியம் காப்பதாகச் சத்தியம் செய்து, தீட்சை பெறவேண்டும். 1988இல் ஸ்கொட் கனிங்ஹாம் தனியாகப் பழகுபவர்களுக்கென்றே ஒரு கைநூல் எழுதினார். கதவு கொஞ்சம் திறந்தது. இணையம் வந்தபிறகு கதவே இல்லை.

கதவு இல்லாதது நல்லதுதான். ஆனால் வாசலில் நிற்பவர் என்ன சொல்லுகிறார் என்று பார்க்கவேண்டும். "இது ஆதிகாலத்திலிருந்து அறுபடாமல் வரும் இரகசிய ஞானம்" என்ற வசனம்தான் பல இடங்களில் முதல் வரவேற்பு. எங்கட கருத்து இதுதான்: தொடக்கநிலையினருக்கு ஒரு கற்றல் வட்டம் தொடங்குபவர்கள், ஒவ்வொன்றுக்கும் என்ன வயசு என்பதை முதல் பாடத்திலேயே சொல்லிவிடவேண்டும்.

உதாரணத்துக்கு விக்காவின் எட்டுப் பண்டிகைகள். சம்ஹெய்ன், பெல்டேன் போன்றவை இடைக்கால ஐரிஷ் ஏடுகளிலேயே வருகின்றன. ஆனால் எட்டையும் ஒரே சக்கரமாகக் கோத்தது 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில். சூனியக்காரிகள் எனக் கொல்லப்பட்டவர்கள் ஒரு பழைய மதத்தைச் சேர்ந்தவர்கள் என்று மார்கரெட் மரே 1921இல் எழுதினார். வரலாற்றாசிரியர்கள் அதை நிராகரித்துவிட்டார்கள். விக்கா எப்படி உருவானது என்பதை ரொனால்ட் ஹட்டன் 1999இல் ஒரு பெரிய நூலாகவே எழுதினார். ஒடின், தோர் கதைகளை எடுத்தாலும், நாங்கள் வாசிப்பவற்றில் பெரும்பகுதி 13ஆம் நூற்றாண்டு ஐஸ்லாந்தில் ஏட்டில் ஏறியது. அந்த நாடு கிறிஸ்தவத்துக்கு மாறியதோ 1000ஆம் ஆண்டளவில்.

"இதையெல்லாம் முதல்நாளே சொன்னால் பிள்ளையள் ஓடிவிடாதோ?" எண்டு கேட்கலாம். ஐஸ்லாந்தைப் பாருங்கள். 1972இல் விவசாயியும் கவிஞருமான ஸ்வெய்ன்பியோர்ன் பெய்ன்டெய்ன்சனும் நண்பர்களும் பழைய தெய்வங்களுக்காக ஒரு சங்கம் தொடங்கினார்கள். அடுத்த வருடமே அரசு அங்கீகரித்தது. எட்டுக்கால் குதிரையில் வரும் ஒற்றைக்கண் கடவுளை அப்படியே நம்பவேண்டியதில்லை, அந்தக் கதைகள் கவித்துவமான உருவகங்கள் என்று அதன் இப்போதைய தலைவர் ஹில்மர் ஓர்ன் ஹில்மர்சன் வெளிப்படையாகவே சொல்லியிருக்கிறார். ஆரும் ஓடவில்லை. இன்று அங்கே ஆயிரக்கணக்கான உறுப்பினர்கள்.

வயசை மறைப்பதில்தான் ஆபத்து. "மூவாயிரம் வருசத்து இரகசியம், என்னட்ட மட்டும்தான் இருக்கு" என்பவரிடம் கேள்வி கேட்க ஏலாது. கேள்வி நின்ற இடத்தில் காசு கேட்பது லேசு, அதைவிட மோசமானவற்றைக் கேட்பதும் லேசு. இன்னொரு ஆபத்து இரத்தம். நாசிகளின் எஸ்.எஸ். படை பழைய ரூன் எழுத்துகளைத் தன் சின்னமாக்கியது. இன்றைய வெள்ளை இனவாதிகளும் அதே அடையாளங்களைக் காட்டி, தனிமையில் கிடக்கிற பெடியனிடம் "இது உன்ர இரத்தத்திலேயே இருக்கு" என்கிறார்கள். ஹில்மர்சனின் சங்கம் அதைப் பகிரங்கமாக மறுத்துவருகிறது. வரலாறு படித்த பிள்ளைக்கும் அந்த வசனத்தை மறுக்கத் தெரியும்.

ஆகவே, இப்படியொரு வட்டம் தொடங்குபவர்களிடம் நாங்கள் எதிர்பார்ப்பது கொஞ்சம்தான். ஒவ்வொரு பாடத்திலும் 'இது எப்போது, யார் எழுதியது' என்று இருக்கட்டும். ஒரே ஆசிரியர் வேண்டாம், குறைந்தது மூன்று பேராவது இருக்கட்டும். தீட்சைக்கு விலை வேண்டாம். விலகிப்போகிறவரைத் துரோகி எண்டு சொல்லவும் வேண்டாம். முதல் மாத வீட்டுவேலையாக, ஒவ்வொரு இரவும் வெளியே போய் நிலவைப் பார்த்துக் குறிப்பெழுதச் சொல்லலாம். அதுக்கு ஆற்ற அனுமதியும் தேவையில்லை.

எங்களுக்கேன் இந்தக் கதை? எங்கட ஊர்களுக்கு வந்த மிஷனரிமார் எங்கள் முன்னோரையும் இதே சொல்லின் தமிழால்தான் அழைத்தார்கள்: அஞ்ஞானிகள். பழசு எண்டால் எங்களுக்கும் ஒரு மயக்கம் இருக்கிறது, எதையும் ஐயாயிரம் வருசம் எண்டு சொன்னால்தான் திருப்தி. ஆரும் அப்படிச் சொல்லும்போது, "எந்த ஏட்டில் இருக்கு?" எண்டு மரியாதையாகக் கேட்க நாங்களும் பழகவேணும்.