பால் மறந்த கன்று யார் கணக்கில்?

அம்பத்தூர் ஆவின் பால்பண்ணைக்கு வந்து சேரும் பால் முழுவதற்கும் கணக்கு இருக்கிறது. கொழுப்பு எவ்வளவு, இதர சத்து எவ்வளவு என்று அளந்துதான் விலை போடுகிறார்கள். சினை ஊசி போட்ட தேதி, கோமாரித் தடுப்பூசி போட்ட தேதி, காதில் மாட்டிய 12 இலக்க எண் எல்லாம் பதிவேட்டில் ஏறுகின்றன. ஆனால் தாய்ப்பாலை மறந்த நாளிலிருந்து முதல் சினை ஊசி போடும் நாள்வரை ஒரு கிடேரிக் கன்று எத்தனை கிலோ ஏறியது, அதன் வயிற்றில் என்ன புழு இருந்தது, அதற்கு என்ன தீனி கிடைத்தது என்று கேட்பார் இல்லை. ஒன்றரை, இரண்டு ஆண்டுகள் நீளும் அந்தக் காலத்தில் கன்று ஒரு ரூபாய்கூட ஈட்டித் தருவதில்லை. ஆகவே கொட்டகையில் கடைசிப் பங்கு அதற்கு. குடற்புழு நீக்கத்தையும் கன்றுத் தீவனத்தையும் வெவ்வேறு வேலைகளாகப் பார்ப்பதை விட்டுவிட்டு, நான்கு முதல் எட்டு மாத வயதில் எப்படியும் நடக்கவேண்டிய தடுப்பூசிச் சந்திப்போடு இரண்டையும் சேர்த்துவிட வேண்டும் என்பதே என் வாதம்.

பால் மறக்கும் பருவத்தில் கன்றின் உடலுக்குள் என்ன நடக்கிறது என்பதிலிருந்து தொடங்கலாம். பிறந்த கன்றுக்கு நான்கு அறை வயிறு இருந்தாலும் முதல் அறை வேலை செய்வதில்லை. இரண்டாவது வாரத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக அரைத்த தானியமும் பிண்ணாக்கும் உள்ளே போனால்தான் அங்கே நுண்ணுயிர்கள் பெருகி, உட்சுவர் வளர்ந்து, புல்லையும் வைக்கோலையும் செரிக்கும் தகுதி வரும். நம் பக்கத்தில் பெரும்பாலான கன்றுகள் இந்தத் தயாரிப்பு இல்லாமலே பாலிலிருந்து நேராக வைக்கோலுக்குத் தள்ளப்படுகின்றன. நெல் வைக்கோலில் புரதம் நூற்றுக்கு மூன்று, நான்கு பங்குதான். வயிற்று நுண்ணுயிர்கள் உயிரோடு இயங்கவே ஏழு பங்கு தேவை. கன்று நாள் முழுவதும் மென்றுகொண்டே இருக்கும், வயிறும் பெருத்துத் தெரியும். பார்ப்பவர்கள் நன்றாகத் தின்கிறது என்று நினைத்துக்கொள்வார்கள். உண்மையில் அது பட்டினி.

இந்தப் பட்டினி உடம்பில்தான் புழு நிலைகொள்கிறது. இரைப்பையில் ஒட்டி இரத்தம் குடிக்கும் ஹீமாங்கஸ் புழு ஒன்று நாளொன்றுக்கு 0.05 மில்லி இரத்தத்தை வீணாக்கும் என்பது பாடநூல் கணக்கு. ஆயிரம் புழு இருந்தால் 50 மில்லி. மற்றக் குடற்புழுக்கள் குடல் சுவரைப் புண்ணாக்க, அதன் வழியே இரத்தத்தின் புரதம் கசிந்து சாணத்தோடு போய்விடுகிறது. பசி மந்தமாகிறது. தின்ற கொஞ்சப் புரதமும் சதையாக மாறாமல் புண்ணை ஆற்றுவதில் செலவாகிறது. இரத்தத்தில் புரதம் குறையும்போது தாடைக்குக் கீழே நீர் கோத்துத் தொங்கும். தாடை வீங்கிய கன்றைப் பார்த்ததும் பூச்சி மருந்து வாங்க ஓடுகிறோம். அதற்குப் பல வாரங்கள் முன்பே வளர்ச்சி நின்றுபோயிருக்கும். புழுவைத் தாங்கவும் விரட்டவும் உடலுக்குத் தேவைப்படும் எதிர்ப்புச் சக்தி உணவுப் புரதத்தைச் சார்ந்தே அமைகிறது என்பதை ஸ்காட்லாந்தின் கூப், கிரியசாகிஸ் போன்ற ஆய்வாளர்கள் 1990களிலேயே விரிவாக எழுதிவிட்டார்கள். புழுவும் பட்டினியும் ஒன்றுக்கொன்று தீனி போட்டு வளர்பவை. ஒன்றை மட்டும் வெட்டினால் மற்றது அதை மறுபடி தழைக்க வைக்கும்.

சென்னையின் மேற்குப் புறநகருக்கு இதில் தனிச் சிக்கல் உண்டு. இது ஏரிகளின் நாடு. அம்பத்தூர், கொரட்டூர், பருத்திப்பட்டு, செம்பரம்பாக்கம் என்று வரிசையாக ஏரிகள். ஐப்பசி, கார்த்திகை மழையில் நிரம்பும் இந்த ஏரிகள் தை, மாசியில் பின்வாங்கும்போது கரையோரம் பசும்புல் துளிர்க்கிறது. வேறெங்கும் பச்சை இல்லாத காலத்தில் மாடுகள் அங்கேதான் போகும். அந்த ஈரப் புல்லில்தான் நத்தைகளிலிருந்து வெளியேறிய தட்டைப்புழுவின் குஞ்சுகள் கூடு கட்டி ஒட்டியிருக்கின்றன. ஈரலைத் துளைக்கும் பெரிய தட்டைப்புழுவும், சிறுகுடலைப் பிய்த்துக் கடும் கழிச்சலை உண்டாக்கும் இளம் ஆம்பிஸ்டோம் புழுவும் இப்படித்தான் கன்றுக்குள் போகின்றன. நேமம், திருமழிசை பக்கம் மேயும் கன்றுக்கும், கொரட்டூரில் சிமென்ட் தரையில் கட்டிப்போட்டு வளர்க்கும் கன்றுக்கும் ஒரே ஆபத்து என்று சொல்ல முடியாது. கட்டுத்தறிக் கன்றுக்கு இரத்தக் கழிச்சலைத் தரும் காக்சிடியா கிருமிதான் பெரிய எதிரி. ஆனால் ஏரிக்கரையிலிருந்து அறுத்து வந்த புல்லைப் போட்டால் தட்டைப்புழு கொட்டகைக்கே வந்துவிடும்.

எல்லாக் கன்றுக்கும் ஒரே மருந்து, ஒரே நாளில், முகாம் போட்டு ஊற்றிவிடும் பழக்கம் அதனால்தான் போதாது. அல்பென்டசோல் உருண்டைப் புழுவுக்கும் நாடாப் புழுவுக்கும் நல்ல மருந்து. இளம் தட்டைப்புழுவைத் தொடாது. ஐவர்மெக்டின் உருண்டைப் புழுவையும் உண்ணிகள் சிலவற்றையும் கொல்லும். தட்டைப்புழுவுக்கும் நாடாப் புழுவுக்கும் அது மருந்தே அல்ல. அதைக் கண்டறிந்த கேம்பெல், ஓமுரா இருவருக்கும் 2015இல் நோபல் பரிசு கிடைத்தது, மருந்தின் அருமைக்கு அது சான்று. ஆனாலும் தவறான புழுவுக்குக் கொடுத்தால் காசுக்குப் பிடித்த கேடுதான். ஏரிக்கரைக் கன்றுக்கு ஆக்சிகுளோசனைடு போன்ற தட்டைப்புழு மருந்து மழைக்காலம் முடிந்த பிறகு வேண்டும். எது எதற்கு என்பதைக் கால்நடை மருத்துவர் சாணத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும், மருந்துக்கடைக்காரர் அல்ல.

மாதா மாதம் மருந்து கொடுத்துவிட்டால் என்ன என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். பிறந்த சில மாதங்களுக்கு அடிக்கடி கொடுப்பதில் நியாயம் உண்டு. கன்றின் பெரிய உருண்டைப் புழுவான டாக்சோகாரா தாயின் பால் வழியாகவே வருகிறது. புல்லைத் தொடாத கன்றும் தப்பாது. இலங்கையில் எருமைக் கன்றுகளை வைத்து 1980களின் பிற்பகுதியில் நடந்த ஆய்வுகள், பிறந்த பத்தாம் நாளுக்கும் பதினாறாம் நாளுக்கும் இடையே ஒருமுறை மருந்து கொடுத்தால் அந்தப் புழு முட்டையிடும் முன்பே ஒழியும் என்று காட்டின. இப்படிக் காலம் பார்த்துக் கொடுப்பதற்கும், பால் மறந்த கன்றுக்கு ஆண்டு முழுவதும் கண்ணை மூடிக்கொண்டு ஊற்றுவதற்கும் நிறைய வித்தியாசம் இருக்கிறது. ஒரே வகை மருந்தைத் திரும்பத் திரும்ப, அதுவும் எடை தெரியாமல் குறைந்த அளவில் கொடுத்தால், சாகாமல் தப்பும் புழுக்களின் சந்ததிதான் பெருகும். தமிழ்நாட்டின் செம்மறி ஆட்டுப் பண்ணைகளில் அல்பென்டசோல் வகை மருந்துகளுக்குப் புழுக்கள் அசையாத நிலை ஏற்கெனவே பதிவாகியிருக்கிறது. மாட்டிலும் அதை வரவழைத்துக்கொள்ள வேண்டுமா? மருந்து கொடுத்த மூன்று, நான்கு வாரத்தில் மேய்ச்சலிலிருந்து புதுப் புழு வயிற்றில் முட்டையிடத் தொடங்கிவிடும். அந்த இடைவெளியில் கன்று தேற வேண்டுமானால் கையில் இருக்கும் ஒரே ஆயுதம் தீவனம்.

அடுத்த மறுப்பு ஏழ்மை. இரண்டு மாடு வைத்திருப்பவர் கன்றுக்குத் தீவனம் வாங்குவாரா, கறவைக்கு வாங்குவாரா? இது உண்மையான கஷ்டம், அறிவுரையால் தீராது. இருந்தாலும் கணக்கைப் பார்க்க வேண்டும். பால் மறந்த கன்றுக்கு நாளொன்றுக்கு ஒரு கிலோவிலிருந்து ஒன்றரை கிலோ அடர்தீவனம், கையளவுக்கும் குறைவான தாது உப்புக் கலவை, கிடைக்கும் பசுந்தீவனம் போதும். ஒரு கிலோ தீவனத்தின் விலை, ஆவின் உற்பத்தியாளருக்குக் கொடுக்கும் ஒரு லிட்டர் பாலின் விலையைத் தாண்டாது. இதைச் சாப்பிட்டு, புழுவும் கட்டுக்குள் இருந்தால் கலப்பினக் கிடேரி நாளுக்கு 400, 500 கிராம் ஏறும். பருவத்துக்கு வருவதை வயதைவிட எடைதான் தீர்மானிக்கிறது. நன்றாக வளர்ந்த கிடேரி இரண்டரை வயதுக்குள் கன்று ஈனலாம். வாடிய கிடேரி மூன்று, மூன்றரை வயதாகியும் சினைக்கு நிற்காது. அந்த ஓராண்டு வெறும் தீனிச் செலவு, பால் இல்லை. கன்றில் மிச்சம் பிடித்த காசு, கிடேரியில் பல மடங்காகப் போய்விடுகிறது. மாட்டிறைச்சிக்காகக் கன்று வளர்க்கும் பிரேசிலிலும் ஆஸ்திரேலியாவிலும் தாயைப் பிரித்த கன்றை எடை போட்டு விற்கிறார்கள். புழு தின்ற ஒவ்வொரு கிலோவும் விற்பவர் கண்ணில் உடனே படும். இங்கே அந்த நட்டம் இரண்டு ஆண்டு கழித்து, வராத பாலாக வருவதால் யாருக்கும் தெரிவதில்லை. தெரியாத நட்டத்தைத் தெரியவைப்பது அரசின் வேலை.

அதற்கு வழி கையிலேயே இருக்கிறது. 2019இல் தொடங்கிய தேசியக் கால்நடை நோய்க் கட்டுப்பாட்டுத் திட்டத்தின்படி, கருச்சிதைவு நோயான புருசெல்லாவுக்கு எதிராக நான்கு முதல் எட்டு மாத வயதுள்ள கிடேரிக் கன்றுகளுக்கு வாழ்நாளில் ஒருமுறை தடுப்பூசி போட வேண்டும். பெரும்பாலான கன்றுகள் பால் மறந்து, புழு ஏறத் தொடங்கும் வயதும் அதுதான். அந்த ஒரு சந்திப்பில் மார்புச் சுற்றளவை நாடாவால் அளந்து எடையைக் கணித்துக் காது எண்ணோடு பதிவு செய்யலாம். கொஞ்சம் சாணத்தை எடுத்து மருந்தகத்துக்கு அனுப்பலாம். முடிவைப் பார்த்து மருந்தும், ஆவின் வழியாக ஒரு மூட்டைக் கன்றுத் தீவனமும் சேர்த்தே கொடுக்கலாம். இளம் தட்டைப்புழு சாணத்தில் முட்டை காட்டாதே என்று மருத்துவர்கள் சரியாகவே கேட்பார்கள். அதனால்தான் முட்டை எண்ணிக்கையோடு இமையின் வெளிறல், தாடை வீக்கம், ஏரிக்கரை மேய்ச்சல், மாதம் இவற்றையும் கேட்டுக் குறிக்க வேண்டும் என்கிறேன். மருத்துவர் பற்றாக்குறையும் பொய்யல்ல. ஆனால் ஏற்கெனவே கன்றின் முன் நிற்பவர் நாடாவால் ஒருமுறை அளக்க ஐந்து நிமிடம் போதும்.

காளைக் கன்றைப் பற்றிப் பேசாமல் இந்தக் கட்டுரை நேர்மையாகாது. 2019 கால்நடைக் கணக்கெடுப்பில் நாட்டின் 19 கோடிக்கு மேற்பட்ட மாடுகளில் 14 கோடிக்கு மேல் பசுக்கள். பிறப்பில் ஆணும் பெண்ணும் சரிபாதி. கணக்கில் இல்லாத காளைகள் எங்கே போயின என்பதை அந்த எண்ணே கேட்கிறது. ஏருக்கும் வண்டிக்கும் தேவை ஒழிந்தபின், 1958ஆம் ஆண்டின் தமிழ்நாடு விலங்குகள் பாதுகாப்புச் சட்டப்படி இறைச்சிக்கென்று வளர்த்து விற்கவும் வழியில்லாத நிலையில், காளைக் கன்று பாலும் மருந்தும் மறுக்கப்பட்டுச் சாகிறது, அல்லது தெருவில் விடப்படுகிறது. பாலினம் பிரித்த உறைவிந்து பரவலானால் பத்தில் ஒன்பது கன்று கிடேரியாகப் பிறக்கும். நெடுநாள் தீர்வு அதுவே. அதுவரை, பிறந்துவிட்ட உயிருக்குப் போதிய தீனி கொடுக்காதது 1960ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம் என்பதை நினைவூட்டுகிறேன். பிறந்த பத்தாம் நாளை ஒட்டிக் கொடுக்கும் அந்த ஒருமுறை மருந்தையாவது இருபாலுக்கும் இலவசமாகக் கொடுப்பதில் அரசுக்குப் பெரிய செலவு இல்லை.

மாநகராட்சி எல்லைக்குள் மாடே வேண்டாம் என்பவர்களுக்கு ஒரு சொல். தெருவில் திரியும் மாட்டால் மனிதர்கள் காயப்பட்டது உண்மை, அபராதமும் உரிமக் கட்டுப்பாடும் தேவைதான். ஆனால் ஆவடியிலும் பூந்தமல்லியிலும் கொட்டகை இருக்கும்வரை கன்றும் இருக்கும். தீனி கிடைக்காத கன்றுதான் குப்பைத்தொட்டிக்கு முதலில் போகிறது. கொட்டகையிலேயே வயிறு நிரம்பினால் அதைத் தெருவுக்கு அவிழ்த்துவிட வேண்டிய அவசியம் பாதியாகக் குறையும்.

கால்நடை பராமரிப்புத் துறையும் காஞ்சிபுரம் - திருவள்ளூர் மாவட்டக் கூட்டுறவுப் பால் உற்பத்தியாளர் ஒன்றியமும் வரும் மழைக்காலத்துக்கு முன்பே இந்தப் புறநகரில் இதைத் தொடங்க வேண்டும். அடுத்த சுற்றுப் புருசெல்லா தடுப்பூசிக்குப் போகும் பையில் ஓர் அளவு நாடா, சாண மாதிரிக்கு ஒரு புட்டி, தீவனத்துக்கான ஒரு சீட்டு இருக்கட்டும்.