வாயேஜரும் அமானிதமும்



அண்மையில் மக்ரிபுக்குப் பிந்தைய வகுப்பு முடிந்தபோது மாணவன் ஒருவன் நம்மிடம் கேட்டான்: "உஸ்தாத், வாயேஜர் விண்கலத்தையும் அதைக் காத்துவரும் பொறியாளர்களையும் எல்லோரும் புகழ்கிறார்களே, நாமும் புகழலாமா?" நாம் வாய் திறக்கும் முன்னரே அருகிலிருந்த பெரியவர் ஒருவர், "அதெல்லாம் துன்யாவின் காரியம், நமக்கென்ன?" என்று கூறி அவனை அனுப்பிவிட்டார். அவனுக்குச் சொல்ல நினைத்த விடையை இங்கே எழுதுகிறோம். புகழலாம், ஆனால் எதைப் புகழ்கிறோம் என்பதை அறிந்து புகழ வேண்டும்.

வாயேஜர் 1 விண்கலத்தை அமெரிக்காவின் நாசா நிறுவனம் 1977 செப்டம்பர் 5 அன்று ஏவியது. வியாழனையும் சனியையும் ஆராய்வதே அதற்கு இடப்பட்ட பணி. 1980-இல் சனியைக் கடந்ததும் அப்பணி நிறைவுற்றது. எனினும் பயணம் தொடர்ந்தது. 2012-இல் சூரியக் காற்றின் எல்லையைத் தாண்டி, விண்மீன்களுக்கு இடைப்பட்ட வெளியில் அது நுழைந்தது. மனிதர் செய்த பொருள்களுள் இவ்வளவு தொலைவு சென்றது வேறில்லை.

மக்கள் பெரிதும் வியப்பது இத்தொலைவைத்தான். நம் உள்ளத்தைத் தொட்டதோ வேறொன்று. 2023 நவம்பரில் அக்கலம் அனுப்பிய செய்திகள் பொருளற்றவையாக மாறின. ஏவி நாற்பத்தாறு ஆண்டுகள் கடந்துவிட்டன. "போதும்" என்று விட்டிருந்தாலும் எவரும் குறை கூறியிருக்க மாட்டார்கள். பொறியாளர்களின் சிறு குழு அப்படி விடவில்லை. கலம் 2,400 கோடி கிலோமீட்டருக்கு அப்பால் இருந்தது. அனுப்பிய கட்டளை சென்றடைய இருபத்திரண்டரை மணி நேரம். மறுமொழி வர மீண்டும் அவ்வளவு நேரம். முன்னோர் பல்லாண்டுகளுக்கு முன் எழுதிவைத்த ஆவணங்களைப் புரட்டினார்கள். நினைவகச் சில்லு ஒன்று பழுதடைந்திருப்பதைக் கண்டார்கள். அதிலிருந்த நிரலைத் துண்டுகளாகப் பிரித்து வேறிடங்களில் அமைத்தார்கள். 2024 ஏப்ரல் 20 அன்று கலத்தின் நிலை பற்றிய செய்தி மீண்டும் தெளிவாக வந்து சேர்ந்தது.

கலத்தின் மின்னாற்றல் ஆண்டுதோறும் ஏறத்தாழ 4 வாட் குறைகிறது. ஆகவே கருவிகளை ஒவ்வொன்றாக அணைத்து வருகிறார்கள். ஒருநாள் அது மௌனமாகிவிடும் என்பதை அறிந்தே உழைக்கிறார்கள். எட்வர்டு ஸ்டோன் என்ற அறிவியலாளர் 1972 முதல் 2022 வரை, ஐம்பது ஆண்டுகள் இத்திட்டத்தின் அறிவியல் பொறுப்பை ஏற்றிருந்தார். பிறரிடமிருந்து பெற்றதைப் பழுதின்றிக் காத்து, அடுத்தவர் கையில் ஒப்படைக்கும் இப்பண்பை நம் மார்க்கம் அமானிதம் என்று அழைக்கிறது. சிறிதாயினும் விடாது செய்யப்படும் நற்செயலின் சிறப்பை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் நமக்குக் கற்றுத் தந்திருக்கிறார்கள். அப்பண்பு எவரிடம் காணப்பட்டாலும் அதை ஒப்புக்கொள்வது நீதி. அதனால் படைத்தவனின் புகழ் குறைந்துவிடாது; அக்கலம் செல்லும் வானமும் அதை இயக்கும் நியதியும் அவனுடையவையே.

"நமக்கென்ன?" என்பது ஒரு பிழை என்றால், "இவற்றையெல்லாம் நம் முன்னோர் அன்றே செய்துவிட்டார்கள்" என்று பெருமை பேசுவது மற்றொரு பிழை. நம் முன்னோர் வானியலில் சிறந்தது உண்மை. இஸ்தான்புல் நகரில் அறிஞர் தகிய்யுத்தீன் அமைத்த வானாய்வகம் 1577-இல் செயல்பட்டது. வாயேஜருக்குச் சரியாக நானூறு ஆண்டுகளுக்கு முன். அதற்கு ஆதரவளித்த சுல்தான் மூன்றாம் முராதின் ஆணையாலேயே அது 1580-இல் இடிக்கப்பட்டது. அங்கே அறிவுக்குப் பஞ்சமில்லை. கட்டியதைக் காக்கும் உறுதிதான் இல்லாமற் போயிற்று.

அக்குறை இன்றும் நம்மை விட்டு நீங்கவில்லை. நூலகத் திறப்பு விழாவுக்குக் கூட்டம் கூடுகிறது. சில ஆண்டுகளில் அதன் பூட்டு துருப்பிடிக்கிறது. நிர்வாகம் மாறும்போது சாவி கைமாறுகிறது, கணக்கேடு கைமாறுவதில்லை. நாமும் இதற்கு விலக்கல்லர். மத்ரஸாவில் பொறுப்பேற்றபோது, நமக்கு முன்னிருந்த உஸ்தாத் எழுதிவைத்த பாடக் குறிப்புகளைத் தேடிப் பார்க்கவே இல்லை. பின்னொரு நாள் அவை பழைய அலமாரியில் கரையான் அரித்துக் கிடக்கக் கண்டு வெட்கினோம்.

எனவே பெற்றோரே, பிள்ளைகள் இத்தகைய கேள்வியோடு வந்தால் விரட்டிவிடாதீர்கள். அருகில் அமர்த்தி அந்தப் பொறியாளர்களின் கதையைச் சொல்லுங்கள். பிறகு வீட்டிலோ பள்ளிவாசலிலோ ஒரு சிறு பொறுப்பை, அது கிதாபு அலமாரியைப் பேணுவதாயினும் சரி, அவர்களிடம் ஒப்படையுங்கள். ஓராண்டு கழித்து அது எந்நிலையில் இருக்கிறது என்று அவர்களோடு சேர்ந்து பாருங்கள். அந்த மாணவனை நாமும் மீண்டும் அழைத்துப் பேச எண்ணியிருக்கிறோம்.

பெற்ற அமானிதங்களைப் பேணிக் காக்கும் நல்லடியார்களாக நம் அனைவரையும் அல்லாஹ் ஆக்கி அருள்வானாக. ஆமீன்.