யாருக்கான இன்சுலின் பம்ப்?

நாட்டின் நீரிழிவு மருத்துவ வரலாற்றில் வடசென்னைக்குத் தனி இடம் உண்டு. 1948-இல் ஸ்டான்லி மருத்துவமனையில் நீரிழிவுக்கெனத் தனிப் பிரிவைத் தொடங்கியவர் பேராசிரியர் எம்.விசுவநாதன். பின்னர் ராயபுரத்தில் அவர் நிறுவிய மருத்துவமனை, இந்நோய்க்கான சிறப்பு மையமாக வளர்ந்தது. அதே வடசென்னையில், முதல் வகை நீரிழிவுள்ள ஒரு தொழிலாளிக்கு இன்சுலின் பம்ப் இன்றும் எட்டாக்கனியே. மலிவு விலை பம்ப் குறித்த பேச்சு எழும்போதெல்லாம் நான் கேட்பது இதைத்தான்: யாரை மனத்தில் கொண்டு அதை வடிவமைக்கிறோம்?

முதல் வகை நீரிழிவில் கணையத்தின் இன்சுலின் சுரப்பு ஏறக்குறைய நின்றுவிடுகிறது. நாள்தோறும் பலமுறை ஊசி போட்டுக்கொள்வதற்கு மாற்றாக, உடலில் அணியும் இந்தச் சிறு கருவி, தோலுக்கடியில் செருகிய மெல்லிய குழாய் வழியே சிறிது சிறிதாக இன்சுலினைச் செலுத்துகிறது. லட்சங்களில் விலையுள்ள கருவியைக் கடன்பட்டேனும் ஒருமுறை வாங்கிவிடலாம். ஆனால், அந்தக் குழாயை இரண்டு, மூன்று நாட்களுக்கு ஒருமுறை மாற்றியாக வேண்டும். மாதத்துக்குப் பத்து முதல் பதினைந்து வரை தேவை. இச்செலவைத் தாங்க முடியாத வீட்டில் பம்ப் அலமாரிக்குத்தான் போகும்.

பணிச்சூழலும் முக்கியம். எண்ணூரிலும் திருவொற்றியூரிலும் வெயிலில் உழைப்பவரின் வியர்வையில் ஒட்டுப்பட்டை கழன்றுவிடும். உடலோடு ஒட்டியிருக்கும் இன்சுலின் வெப்பத்தில் வீரியம் இழக்கும். ஆலை இரைச்சலில் எச்சரிக்கை ஒலி கேட்காது. பம்ப்பில் விரைவாகச் செயல்படும் இன்சுலின் மட்டுமே இருப்பதால், குழாய் அடைபட்டால் சில மணி நேரத்திலேயே ரத்தத்தில் அமிலம் கூடி உயிருக்கு ஆபத்து நேரலாம். எனவே, மலிவு என்பது பாதுகாப்பைக் குறைப்பதாக இருக்கக் கூடாது.

நம்மால் இது முடியாததல்ல. திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனம் உருவாக்கிய இதய வால்வு, 1990-இல் முதன்முதலாக நோயாளிக்குப் பொருத்தப்பட்டது. இறக்குமதி வால்வுகளைவிடக் குறைந்த விலையில் ஏழைகளைச் சென்றடைந்தது. மருந்துகளை மொத்தமாகக் கொள்முதல் செய்து விலையைக் குறைத்த அனுபவம் தமிழ்நாடு மருத்துவ சேவைக் கழகத்துக்கு உண்டு.

ரத்தச் சர்க்கரையை அறியும் பட்டைகளுக்கே வழியில்லாதோர் இருக்கையில் பம்ப் எதற்கு என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான், பட்டைகளே முதலில் கிடைக்க வேண்டும். ஆனால், அதையே காரணமாக்கிக் கருவியை வசதி படைத்தோருக்கு மட்டும் விட்டுவிட முடியாது. அரசு மருத்துவமனைகள் இன்சுலினை இலவசமாகத் தருகின்றன. அந்தப் பட்டியலில் மாற்றுக் குழாய்களையும் சேர்க்கும் உறுதியை அரசு அளித்தால், உள்நாட்டு உற்பத்தியாளர்களுக்கு நிலையான சந்தை கிடைக்கும். பம்ப்பின் உண்மையான விலை, மாதந்தோறும் வாங்க வேண்டிய அந்தக் குழாயில்தான் இருக்கிறது.