களையும் பாடம் படிக்கும்

'களை பிடுங்காப் பயிர் கால் பயிர்' என்பது உழவர் வாக்கு. பஞ்சாப், அரியானாக் கோதுமை வயல்களில் இவ்வாக்கின் உண்மையை ஆண்டுதோறும் உணர்த்துவது 'குல்லி டண்டா' என்னும் புல். தாவரவியலார் இதனைப் பாலாரிஸ் மைனர் என்பர். இளமையில் இது கோதுமைப் பயிரைப் போலவே தோன்றும். பிரித்துப் பிடுங்குவது அரிது. ஆகவே உழவர் களைக்கொல்லியை நாடினர்.

மருந்து களையைக் கொல்ல வேண்டும், பயிரையோ தொடக்கூடாது. இதற்கு விஞ்ஞானிகள் கண்ட வழி, மருந்தைத் தாங்கும் கோதுமையையே உருவாக்குவது. 'ஃபிடெல்' என்ற பிரெஞ்சுக் கோதுமையின் விதைகளில் சோடியம் அசைடு கொண்டு மரபணு மாறுதலை உண்டாக்கி, இமிடசோலினோன் வகை மருந்தைத் தாங்கும் செடியைக் கண்டெடுத்தனர். அதன் வழிவந்தவையே கிளியர்ஃபீல்டு கோதுமைகள். பின்னர் அமெரிக்காவின் கொலராடோ மாநிலப் பல்கலைக்கழகம் உருவாக்கிய, குவிசலோஃபாப் மருந்தைத் தாங்கும் கோதுமை, கோஆக்சியம் என்ற பெயரில் 2018இல் உழவரை அடைந்தது. இவற்றுள் வேற்றுயிரின் மரபணு எதுவும் புகுத்தப்படவில்லை.

இப்பண்பை ஒரு கோதுமையிலிருந்து மற்றொன்றுக்குக் கொண்டுசெல்ல மரபுக் குறிகள் பெரிதும் துணை செய்கின்றன. மூன்று மூதாதையரின் மரபுத் தொகுதிகளை ஒருங்கே கொண்டது ரொட்டிக் கோதுமை. அதன் குரோமோசோம்கள் 42. ஒரே மரபணு மூன்று இடங்களில் அமைந்திருக்கும். இவற்றுள் எத்தனை இடங்களில் மாறுதல் உள்ளது என்பதை மருந்து தெளித்துப் பார்த்துத் துல்லியமாகச் சொல்ல இயலாது. இலைத் துண்டு ஒன்றின் டி.என்.ஏ.வைச் சோதித்தால் நாற்றுப் பருவத்திலேயே தெரிந்துவிடும். காலமும் நிலமும் மிச்சம்.

இம்முறையை நான் மனமார வரவேற்கிறேன். ஆயினும், இதனைக் கொண்டு பஞ்சாப் கோதுமையில் முதலில் சேர்க்க வேண்டியது மருந்து தாங்கும் பண்புதானா? அன்று என்பதே என் துணிபு.

காரணம் உண்டு. ஐசோபுரோட்டுரான் என்ற மருந்தை ஆண்டுக்கணக்கில் தெளித்தனர். 1990களின் தொடக்கத்திலேயே அம்மருந்துக்குக் குல்லி டண்டா சாகவில்லை. அடுத்துச் சல்ஃபோசல்ஃபியூரானும் குளோடினாஃபாப்பும் வந்தன. அவற்றையும் வெல்லும் புல் இன்று பல வயல்களில் நிற்கிறது. இவற்றுள் முன்னது தாக்கும் நொதியையே கிளியர்ஃபீல்டின் மருந்தும் தாக்குகிறது. பின்னது தாக்கும் நொதியையே கோஆக்சியத்தின் மருந்தும் தாக்குகிறது! திருடன் சாவி செய்து பழகிய பூட்டையே மீண்டும் வாங்கி வாசலில் மாட்டலாமா?

"கூலியாள் கிடைக்காத உழவன் என்ன செய்வான்?" என்று கேட்பது நியாயமே. மருந்தே கூடாது என்று நான் சொல்லவில்லை. ஆனால் ஓராண்டு கோதுமைக்கு மாற்றாகப் பெர்சீம் தீவனம் பயிரிட்டு அடிக்கடி அறுத்தால், புல் விதை கட்டுமுன்பே அழிகிறது. நெல் வைக்கோலை எரிக்காமல் நிலத்தில் பரப்பி, அதனூடே கோதுமையை விதைத்தாலும் களை குறைகிறது. இவற்றோடு சேர்ந்தால்தான் எந்த மருந்தும் நெடுநாள் பயன்தரும்.

மரபுக் குறிகள் துருநோயை எதிர்க்கும் கோதுமைக்கும் வழிகாட்டும். விரைந்து தழைத்துத் தன் நிழலாலேயே களையை அடக்கும் கோதுமைக்கும் வழிகாட்டக் கூடும். அத்தகைய பயிர் எந்த மருந்துக் கடையையும் நம்பி நிற்காது. குறி வழியைத்தான் காட்டும். எவ்வூருக்குப் போவது என்பதை முடிவு செய்ய வேண்டியவர்கள் நாமே.