புகை ஏன் திரும்புகிறது?



மலையடிவாரச் சிற்றூர் ஒன்றிலிருந்து நம் வாசகச் சகோதரி ஒருவர் சில வாரங்களுக்கு முன் எழுதிய கடிதத்தின் சுருக்கம் இது:

"எங்கள் வீட்டில் எரிவாயு அடுப்பு உண்டு. ஆயினும் நெல் அவிக்கவும், வெந்நீர் வைக்கவும், பத்துப் பேருக்குச் சோறு வடிக்கவும் விறகடுப்பே கைகொடுக்கிறது. அத்தையின் கண்ணெரிச்சலையும் ஓயாத இருமலையும் கண்டு, சேமித்த பணத்தில் புகைபோக்கி வைத்த புது அடுப்பு கட்டினோம். முதல் நாளே அடுக்களை நிறையப் புகை! காலையில் மூட்டும்போது புகைகிறது; பிறகு சற்றே குறைகிறது; மாலையில் மேல்காற்று வீசினால் முன்னிலும் மோசம். அடுப்பில் குறையில்லை என்கிறார் கொத்தனார். 'குழாயைப் பிடுங்கிவிட்டுப் பழைய அடுப்பையே போடு' என்கிறார் அத்தை. பிடுங்கிவிடலாமா?"

பிடுங்க வேண்டாம் என்று உடனே பதில் எழுதினேன். இதே துன்பம் வேறு இல்லங்களிலும் இருக்கக்கூடும் என்பதால், அப்பதிலை இங்கே விரித்துரைக்கிறேன்.

புகையற்ற அடுப்பு நமக்குப் புதிதன்று. எஸ். பி. ராஜு என்னும் பொறியியலாளர் ஐதராபாத்தில் இதற்கென ஆராய்ந்து எழுதிய ஆங்கில நூல் 1953-ஆம் ஆண்டிலேயே சென்னையில் வெளிவந்தது. 1980-களில் நடுவண் அரசு நாடெங்கும் இத்தகைய அடுப்புகளைப் பரப்பியது. அத்திட்டம் 2002-இல் முடிவுற்றது. அவற்றுள் பல, கட்டிய முறையிலும் பராமரிப்பிலும் நேர்ந்த குறைகளால் கைவிடப்பட்டன. அடுப்பு கட்டித் தந்தவர்கள், அது புகைந்தால் என்ன செய்வது என்பதையும் சொல்லித் தந்திருந்தால் எத்தனையோ அடுப்புகள் பிழைத்திருக்கும்.

புகைபோக்கி எவ்வாறு வேலை செய்கிறது? சூடான காற்று இலேசானது. ஆதலால் மேலே எழுகிறது. அது எழும்போது அடுப்பு வாய் வழியே புதுக்காற்றை உள்ளே இழுக்கிறது. இந்த இழுவை மிகவும் மெலிந்தது. 10 அடிக் குழாயினுள் வெப்பம் 150 பாகையும் வெளியே 30 பாகையும் இருந்தால், அதன் முழு வலிமையும் தண்ணீரை ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் உயர்த்தும் அளவே! ஒரு சிறு வெடிப்பும், ஒரு வளைவும், ஒரு வீச்சுக் காற்றும் அதனை வென்றுவிடும். ஆகவே அடுப்பைக் குறை கூறுமுன், புகை எப்போது திரும்புகிறது என்று பாருங்கள். அந்த நேரமே காரணத்தைக் காட்டிக்கொடுக்கும்.

மூட்டும்போது மட்டும் புகைந்தால், குழாய் குளிர்ந்திருக்கிறது என்று பொருள். குழாயின் அடியில், துப்புரவு செய்யும் துளையருகே, ஒரு காகிதச் சுருளையோ காய்ந்த ஓலையையோ முதலில் கொளுத்துங்கள். குழாய் சூடேறியபின் சுள்ளிகளை மூட்டுங்கள். புதிதாகக் கட்டிய மண்ணடுப்பில் ஈரம் தங்கியிருக்கும். அது நன்கு உலரும்வரை சிறு தீயே போதும்.

எந்நேரமும் புகைந்தால், எங்கோ காற்று வீணே நுழைகிறது, அல்லது வழி அடைபட்டிருக்கிறது. முதலில் கொடியடுப்பைப் பாருங்கள். அதன்மேல் பாத்திரம் இல்லாவிட்டாலும், வாய்க்குப் பொருந்தாத சிறு சட்டி இருந்தாலும், குழாய் அத்துளை வழியே குளிர்காற்றை இழுக்கும். அடுப்பு வாயில் இழுவை குன்றும். பயன்படுத்தாதபோது அதனை மூடிவையுங்கள். அடுத்து, குழாயும் அடுப்பும் சேரும் இடத்தில் ஓர் ஊதுவத்தியைக் காட்டுங்கள். அதன் புகை உள்ளே இழுக்கப்பட்டால் அங்கே வெடிப்பு உண்டு. களிமண்ணும் உமியும் குழைத்துப் பூசுங்கள். குழாயை அடுப்பினுள் ஆழமாகச் செருகியிருந்தால் அதன் அடிவாய் எதிர்ச்சுவரில் முட்டி வழியை அடைக்கும். படுக்கைவாட்டில் நீண்ட குழாயும், கூரிய வளைவுகளும் இழுவையைக் குறைக்கும். விறகையும் பாருங்கள்: பச்சை மரத்தின் எடையில் பாதியளவு தண்ணீராகவே இருக்கக்கூடும். பிளந்து, மழை படாமல், காற்றோட்டமாக அடுக்கி உலர்த்திய விறகே எரியும், மற்றது புகையும். அடுப்பு வாயை விறகால் திணிக்கவும் கூடாது.

கதவு, சன்னல்களை அடைத்திருக்கும்போது புகைந்தால், அடுப்புக்கு மூச்சு விடக் காற்றில்லை. சுவரில் மின்விசிறி வைத்துக் காற்றை வெளியேற்றும் வீடுகளில், அவ்விசிறியே புகையைக் குழாய் வழியாகத் திரும்ப இழுக்கும். அதனை நிறுத்தி, சன்னலைத் திறந்து பாருங்கள்.

காற்று வீசும்போது புகைந்தால், குழாயின் உச்சி தாழ்ந்திருக்கிறது. முகட்டைத் தாண்டி இறங்கும் காற்று புகையைக் கீழே அமுக்குகிறது. குழாய் கூரையைக் கடக்கும் இடத்திலிருந்து 3 அடியேனும் உயர வேண்டும்; சுற்றிலும் 10 அடிக்குள் உள்ள முகடு, சுவர் எதைவிடவும் 2 அடி உயர்ந்திருக்க வேண்டும். மழைக்கு வைக்கும் தொப்பி குழாயின் வாயை நெருக்கிவிடக் கூடாது.

நன்றாக எரிந்த அடுப்பு சில வாரங்கள் கழித்துப் புகைந்தால், குழாயில் கரி படிந்துவிட்டது. நீண்ட கழியில் துணியையோ தேங்காய் நாரையோ கட்டி, அடுப்பு ஆறியிருக்கும்போது துடைத்தெடுங்கள். அடியில் சேரும் சாம்பலையும் அள்ளிவிடுங்கள்.

இரண்டு எச்சரிக்கைகள். கல்நார்க் குழாயை, அதாவது ஆஸ்பெஸ்டாஸ் குழாயை, வீட்டில் அறுக்கவோ துளையிடவோ கூடாது. அதன் தூசி நுரையீரலைக் கெடுப்பது. கூரை வீடாயின், சூடான குழாய் ஓலையைத் தொடவே கூடாது.

இத்தனை பாடு எதற்கு என்று எண்ணாதீர்கள். வீட்டுக்குள் சூழும் புகையால் 2020-ஆம் ஆண்டில் உலகில் 32 இலட்சம் பேர் உயிரிழந்தனர் என்று உலக சுகாதார நிறுவனம் கணித்துள்ளது. கண்ணுக்குத் தெரியும் புகை மட்டுமன்று, நிறமும் மணமும் இல்லாத கார்பன் மோனாக்சைடு நஞ்சும் அதனோடு கலந்து வருகிறது. ஆகையால் குறை தீரும்வரை சன்னலைத் திறந்தே வையுங்கள். மூடிய அறையில் கனலும் அடுப்பின் அருகே யாரும் உறங்க வேண்டாம்.

அச்சகோதரியின் மறுமடல் சென்ற வாரம் வந்தது. கொடியடுப்பின்மேல் வைத்த சட்டியின் ஓரத்தில் ஒரு விரல் நுழையும் இடைவெளி இருந்ததாம். குழாயின் உச்சியோ முகட்டுக்கு ஒன்றரை அடி கீழே நின்றதாம். கொத்தனாரை அழைத்து, குழாயை 4 அடி உயர்த்திக் கம்பியால் இழுத்துக் கட்டினார்கள். இப்போது மேல்காற்றிலும் புகை மேலேயே போகிறதாம்.

"அத்தையின் இருமல் முற்றிலும் நீங்கவில்லை" என்று எழுதுகிறார். பல்லாண்டுப் புகை ஒரு மாதத்தில் நீங்குமா? மருத்துவரிடம் காட்டுமாறு எழுதியுள்ளேன். "ஆனால் காலையில் காகிதச் சுருளோடு முதலில் அடுக்களைக்குள் நுழைபவர் அத்தைதான். கொடியடுப்பை மூட மறந்தால் என்னைத்தான் கடிந்துகொள்கிறார்" என்றும் எழுதியிருக்கிறார்.

அடுப்பு பிழைத்தது. உங்கள் வீட்டு அடுப்பும் புகைந்தால், கடப்பாரையை எடுக்குமுன் ஓர் ஊதுவத்தியை எடுங்கள்.