அரசிடம் 49% பங்கு, ஆனாலும் அரசு நிறுவனம் இல்லை: வோடஃபோன் ஐடியா கணக்கு என்ன?

உங்கள் போனில் 'வி' சிம் இருக்கிறதா? அந்த நிறுவனத்தின் மிகப்பெரிய பங்குதாரர் ஆதித்யா பிர்லா குழுமமும் இல்லை, பிரிட்டனின் வோடஃபோனும் இல்லை. 48.99% பங்கு மத்திய அரசிடம் இருக்கிறது. ஆனால் நிறுவனத்தை நடத்துவது அரசு இல்லை. இது எப்படி நடந்தது?

40 கோடியிலிருந்து 20 கோடி

2016 செப்டம்பரில் ஜியோ வந்ததும் டேட்டா விலை சரிந்தது. தாக்குப்பிடிக்க வோடஃபோன் இந்தியாவும் ஐடியாவும் 2018 ஆகஸ்டில் ஒன்றாகச் சேர்ந்தன. அன்றைக்கு 40 கோடிக்கும் மேல் வாடிக்கையாளர்கள். நாட்டிலேயே நம்பர் 1. இப்போது சுமார் 20 கோடிதான். ஜியோவும் ஏர்டெல்லும் 2022 அக்டோபரிலேயே 5ஜி தொடங்கிவிட்டன. வி-யின் 5ஜி மும்பைக்கு வந்தது 2025 மார்ச்சில். கையில் காசு இல்லை, அதனால் நெட்வொர்க் வளரவில்லை, அதனால் ஆட்கள் போர்ட் ஆகிறார்கள், வருமானம் இன்னும் குறைகிறது.

கடன் யாருக்கு?

பெரும்பகுதி அரசுக்குத்தான். ஸ்பெக்ட்ரம் தவணை ஒன்று, ஏஜிஆர் பாக்கி இன்னொன்று. லைசன்ஸ் கட்டணத்தை எந்த வருமானத்தின் மீது கணக்கிடுவது என்பதுதான் ஏஜிஆர் வழக்கு. வட்டி, வாடகை போன்ற மற்ற வருமானமும் சேரும் என்று 2019 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தொலைத்தொடர்புத் துறை கணக்குப்படி வி-யின் பாக்கி 58,000 கோடி ரூபாயைத் தாண்டியது.

கடன் பங்கானது இப்படித்தான்

- 2023 பிப்ரவரி: 16,133 கோடி ரூபாய் பாக்கி பங்காக மாறியது. அரசின் பங்கு சுமார் 33%.
- 2024 ஏப்ரல்: 18,000 கோடி ரூபாய்க்குப் புதுப் பங்குகளை நிறுவனம் விற்றது. அரசின் விகிதம் 23% அளவுக்கு இறங்கியது.
- 2025 ஏப்ரல்: மேலும் 36,950 கோடி ரூபாய் மாற்றப்பட்டு, 48.99%.

கடைசி மாற்றத்தில் ஒரு பங்கின் விலை 10 ரூபாய். அறிவிப்புக்கு முன் சந்தையில் அதே பங்கு 7 ரூபாய்க்கும் கீழே விற்றது. முக விலையான 10 ரூபாய்க்குக் கீழே புதுப் பங்கு வெளியிடச் சட்டத்தில் இடமில்லை.

ஏன் 49-ல் நின்றது?

கம்பெனிகள் சட்டப்படி 51% வந்தால் அது அரசு நிறுவனம். பிறகு சிஏஜி தணிக்கை, நாடாளுமன்றக் கேள்விகள் எல்லாம் வரும். அரசுக்கு ஏற்கெனவே பிஎஸ்என்எல் இருக்கிறது. அதனால் நிர்வாகம் பழைய புரமோட்டர்களிடமே இருக்கிறது.

ஆனால் சிக்கல் இங்கேதான். லைசன்ஸ் தருவது, பாக்கி வசூலிப்பது, அதிகப் பங்கு வைத்திருப்பது, போட்டி நிறுவனத்தை நடத்துவது, நாலுமே ஒரே அரசு.

நமக்கு என்ன?

2018-ல் ஏர்செல் முடங்கியபோது தமிழ்நாட்டில் போர்ட் செய்வதற்கான குறியீட்டு எண்கூடக் கிடைக்காமல் லட்சக்கணக்கானோர் தவித்தார்கள். வி நின்றால் 20 கோடிப் பேருக்கு அந்த நிலைமை. தனியாரில் இரண்டே நிறுவனங்கள் மிஞ்சும். 2024 ஜூலையில் மூன்று தனியார் நிறுவனங்களும் அடுத்தடுத்து ரீசார்ஜ் விலையை ஏற்றின. இரண்டே பேர் என்றால் அது இன்னும் சுலபம்.

2025 அக்டோபரில், ஏஜிஆர் பாக்கியை மறுபரிசீலனை செய்ய உச்ச நீதிமன்றம் அரசுக்கு அனுமதி கொடுத்தது. ஆனால் கடனைப் பங்காக்கும் வழியில் இனி இடமில்லை. 49%-ஐத் தாண்டினால் அது வேறு கதை. மிச்சம் இருப்பது தள்ளுபடி, தவணை நீட்டிப்பு, அல்லது புது முதலீடு. முதல் இரண்டும் பழைய பாரத்தைக் குறைக்கும். டவர் எழுப்ப மூன்றாவதுதான் வேண்டும்.