மகிழ்ச்சி நூலும் பட்டு நூலும்

மகிழ்ச்சியாக வாழ்வது எப்படி என்று கற்பிக்கும் நூல்கள் தமிழில் பெருகிவிட்டன. புத்தகக் கண்காட்சியில் ஒரு கவிதைத் தொகுதியை வாங்க நாம் கடை கடையாய் அலைகிறோம். மகிழ்ச்சி நூல்களோ வாசலிலேயே வழிமறித்து நிற்கின்றன. முன்பு இவை மகான்களின் பெயரால் பேசின. இப்போது ‘ஆய்வுகள் கூறுகின்றன’ என்று தொடங்குகின்றன. நன்றிக்குரியவற்றை நாள்தோறும் எழுதி வையுங்கள், இக்கணத்தில் வாழுங்கள், செய்யும் தொழிலில் கரைந்துபோங்கள், ஓர் அளவுக்கு மேல் பணத்தால் பயனில்லை என்று உணருங்கள். ஒவ்வொன்றுக்கும் ஓர் அயல்நாட்டுப் பல்கலைக்கழகம் சாட்சி.

இந்த அறிவுரைகளுக்கு உதாரண புருடராக மேடைக்கு அழைத்து வரப்படுகிறவர் பெரும்பாலும் கைவினைஞர். அவர் காஞ்சிபுரத்துப் பட்டு நெசவாளர் என்றால் பேச்சாளருக்கு உற்சாகம் கரைபுரளும். அவர் தறியில் அமர்வதே தவம் என்பார், அரங்கம் கைதட்டும். அந்தக் கைதட்டலைப் பற்றித்தான் நாம் இங்கே பேச விரும்புகிறோம். மகிழ்ச்சி குறித்த ஆய்வுகளோடு நமக்குப் பெரிய பிணக்கு இல்லை. அவற்றில் பாதியை மட்டும் படித்துவிட்டு மேடையேறுகிறவர்களோடுதான் பிணக்கு.

தவம் என்ற சொல்லுக்குப் பின்னால் இருப்பது மிகாய் சிக்சென்ட்மிஹாயின் கருத்தாக்கம். இலக்கு தெளிவாகவும், வேலையின் அறைகூவல் திறமைக்கு ஈடாகவும், செய்தது சரியா தவறா என்பது அந்நொடியே தெரிவதாகவும் இருந்தால் மனிதன் தன்னை மறந்து வேலையில் தோய்ந்துவிடுகிறான் என்றார் அவர். ஓய்வு நேரத்தைவிட வேலை நேரத்திலேயே இந்நிலை மிகுதியாக வாய்க்கிறது என்று 1989இல் ஜூடித் லெஃபெவ்ருடன் சேர்ந்து வெளியிட்ட ஆய்வில் காட்டவும் செய்தார். கோர்வைச் சேலை நெய்வதைப் பார்த்தவர்கள் இதை மறுக்க மாட்டார்கள். உடலுக்கு ஒரு நாடா, கரைகளுக்கு இரண்டு நாடா. கரையின் நிறமும் உடலின் நிறமும் சந்திக்கும் விளிம்பில் ஊடையோடு ஊடை கோத்துக்கொள்ள வேண்டும். ஓர் இழை பிசகினால் அடுத்த வீச்சிலேயே கண்ணுக்குத் தெரியும். பாவின் நிறத்தை முந்தானைக்காக மாற்றும் பெட்னி, இழை இழையாகப் பிணைக்கும் வேலை. சிக்சென்ட்மிஹாய் எழுதியவற்றுக்கு இதைவிடப் பொருத்தமான தொழில் கிடைப்பது அரிது.

இன்னும் சொல்லப்போனால், மகிழ்ச்சி நூல்கள் அடுக்கும் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு பிள்ளையார்பாளையத்துத் தெருக்களில் நடந்தால் ஒவ்வொரு வரியிலும் சரிக்குறி போடலாம். நீண்ட பயணம் வாழ்க்கை நிறைவைக் குறைக்கிறது என்றனர் ஸ்டுட்சரும் ஃப்ரேயும் (2008). நெசவாளருக்குத் தொழிற்கூடம் வீட்டின் முன்கட்டு. உறவுகளே முதுமை வரை மனிதரைத் தாங்குகின்றன என்பது 1938இல் ஹார்வர்டில் தொடங்கி இன்றும் தொடரும் ஆய்வின் முடிவு. இங்கே குடும்பமே சேர்ந்து தார் சுற்றிப் பாவு பிணைக்கிறது. கூடி வழிபடுவதும் விழா எடுப்பதும் நல்லவை என்றால், வரதராசர் கருட சேவையும் ஏகாம்பரநாதர் பங்குனி உத்திரமும் அந்த ஊரின் நாட்காட்டியிலேயே இருக்கின்றன.

அப்படியானால் நெசவாளரின் மகன் ஏன் தறியை விட்டுப் போகிறான்?

மகிழ்ச்சிப் பேச்சாளர்கள் எவரும் எழுப்பாத கேள்வி இது. 1998இல் இருங்காட்டுக்கோட்டையில் கார்த் தொழிற்சாலை வந்தது. 2006இல் ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா வந்தது. பின் ஒரகடம் முழுதும் ஆலைகள். விடியுமுன் வந்து நிற்கும் கம்பெனிப் பேருந்தில் தறிக்காரர் வீட்டுப் பிள்ளைகள் ஏறினார்கள். மகிழ்ச்சிப் பட்டியலின்படி அவர்கள் செய்தது அனைத்தும் பிழை. நீண்ட பயணம், இரவு ஷிப்ட், திறமை எதுவும் தேவைப்படாத ஒரே அசைவு, மேற்பார்வையாளரின் கண். ஆயினும் ஏறினார்கள். மாதம் பிறந்தால் சம்பளம் வங்கிக்கு வருகிறது, வருங்கால வைப்புநிதி இருக்கிறது, தறிக்காரனுக்குப் பெண் கொடுக்கத் தயங்குகிறவர்கள் கம்பெனிக்காரனுக்குக் கொடுக்கிறார்கள். அதே நோக்கியா ஆலை 2014இல் மூடப்பட்டது. அதன் பிறகும் அவர்களில் பெரும்பாலோர் தறிக்குத் திரும்பவில்லை, வேறு பேருந்தைத் தேடிக்கொண்டார்கள். தவத்தை உதறிவிட்டு எந்திரத்துக்கு ஓடிய தலைமுறை என்று இவர்களைப் பழிப்பவர்களை நாம் இலக்கியக் கூட்டங்களில்கூடக் கேட்டிருக்கிறோம். பழித்தவர்களில் தம் பிள்ளைக்குத் தறி பழக்கியவர் எவரும் இல்லை.

இளைஞர்கள் புரிந்துகொண்டதை ஆய்வுகளும் சொல்லியிருக்கின்றன. மேடைகள்தான் அந்தப் பக்கங்களைப் புரட்டுவதில்லை.

‘இக்கணத்தில் வாழுங்கள்’ என்பதற்குக் காட்டப்படும் சான்று கில்லிங்ஸ்வொர்த்தும் கில்பர்ட்டும் 2010இல் வெளியிட்டது. விழித்திருக்கும் நேரத்தில் ஏறத்தாழ 47 விழுக்காடு மனம் வேறெங்கோ அலைகிறது, அலையும் மனம் மகிழ்ச்சி குன்றியிருக்கிறது என்றார்கள். நல்லது. மனம் எங்கே அலைகிறது என்பதற்கு விடை தேட வெளிநாடு போக வேண்டியதில்லை. ஆனந்தி மணி, செந்தில் முல்லைநாதன், எல்டார் ஷஃபீர், ஜியாயிங் ஜாவ் ஆகியோர் 2013இல் வெளியிட்ட ஆய்வின் களம் நம் விழுப்புரம், திருவண்ணாமலை மாவட்டங்கள். 54 ஊர்களில் 464 கரும்பு விவசாயிகள். கரும்பு வெட்டிப் பணம் வருமுன் ஒருமுறை, வந்தபின் ஒருமுறை, அவர்களுக்குச் சிந்தனைத் திறன் சோதனைகள் தந்தார்கள். அதே மனிதர்கள், அறுவடைக்குப் பின் தெளிவாகச் சிந்தித்தார்கள். அறுவடைக்கு முன், அடகும் கடனும் நெருக்கிய மாதங்களில், தடுமாறினார்கள். இதன் புள்ளியியல் முறை மீது அப்போதே விமர்சனம் எழுந்தது. அதையும் சொல்லிவிட வேண்டும். ஆயினும் மையச் செய்தி நமக்கு அந்நியமானதன்று. பட்டு விலை ஏறினால் பாவு வருவது தள்ளிப்போகும். பாவு இல்லாத நாளுக்குக் கூலி இல்லை. 2020இல் திருமணங்கள் சுருங்கியபோது தறிகள் ஓய்ந்தன. அப்படிப்பட்டவரிடம் போய் மூச்சைக் கவனி, மனம் அடங்கும் என்பது அவருடைய மனத்தைப் பற்றி எதையும் அறியாதவர் பேச்சு.

உறக்கத்துக்கும் இதே கதி. நன்றாக உறங்குங்கள் என்பது பட்டியலில் தவறாமல் இடம்பெறும் அறிவுரை. சென்னையில் குறைந்த வருமானமுடைய 452 பேரிடம் பெட்ரோ பெஸ்ஸோனே, ஃபிராங்க் ஷில்பாக் முதலியோர் நடத்தி 2021இல் வெளியிட்ட ஆய்வு வேறொன்றைக் கண்டது. இவர்கள் இரவில் எட்டு மணி நேரம் படுக்கையில் கிடந்தும் உறங்கியது ஐந்தரை மணி அளவே. வெப்பம், இரைச்சல், கொசு, கவலை என உறக்கத்தைக் கலைப்பவை பல. கண்மறைப்பும் காதடைப்பானும் ஊக்கத்தொகையும் கொடுத்து இரவுறக்கத்தை அரைமணி அளவு கூட்டியும் வேலையிலோ மனநிலையிலோ குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை. வேலையிடத்தில், அமைதியான இடத்தில், பகலில் சிறிது நேரம் கண்ணயர வாய்ப்பளித்தபோது மனநிலையும் வேலையும் ஒருங்கே மேம்பட்டன. இங்கே பேச்சாளரின் அறிவுரைக்கு வேலை இல்லை. நல்ல இடமும் சிறிது ஓய்வும் தருவதற்கு ஒருவர் செலவு செய்ய வேண்டும்.

பணம் மகிழ்ச்சி தராது என்ற வாதத்துக்கு வருவோம். 2010இல் கானமனும் டீட்டனும் எழுதியதை இதற்கு மேற்கோளாக்குகிறார்கள். ஆண்டுக்கு 75,000 டாலருக்கு மேல் அன்றாட உணர்வில் ஏற்றம் தென்படவில்லை என்பதே அவர்கள் கூற்று. அன்றைய மாற்று மதிப்பில் அது ஏறத்தாழ 34 லட்சம் ரூபாய். அந்த அளவுக்குக் கீழே பணம் கூடக் கூட மகிழ்ச்சி கூடுகிறது என்பதும் அதே கட்டுரைதான். 2023இல் கானமனே கில்லிங்ஸ்வொர்த்தோடும் பார்பரா மெல்லர்ஸோடும் சேர்ந்து, பெரும்பாலோர்க்கு அந்த எல்லைக்கு மேலும் மகிழ்ச்சி ஏறுகிறது என்று திருத்தினார். நம் நாட்டில் 2019-20 கைத்தறிக் கணக்கெடுப்பின்படி நெசவாளர் குடும்பங்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கின் மாத வருமானம் 5,000 ரூபாய்க்கும் கீழ். காஞ்சிப் பட்டு நெய்பவர் இதைவிடச் சற்று மேலே இருக்கலாம். 34 லட்சத்துக்கு மேலே இல்லை.

மூன்றாவதாக ஒன்றுண்டு, நம் பார்வையில் அதுவே முதன்மையானது. எட்வர்ட் டெசியும் ரிச்சர்ட் ரையனும் மனித மனத்துக்கு மூன்று தேவைகளைக் கூறினர்: திறமை, உறவு, தன்வயம். முதலிரண்டும் நெசவாளரிடம் நிரம்ப உண்டு. மூன்றாவது அவரிடமிருந்து எடுக்கப்பட்டது. பட்டு முதலாளியுடையது, சரிகை முதலாளியுடையது, டிசைன் முதலாளியுடையது, விலை கடைக்காரருடையது. நெசவாளருடையது கூலியும் முன்பணக் கடனும். கடன் தீராமல் வேறு முதலாளியிடம் நெய்யப் போவது எளிதன்று. பிரியதர்ஷனின் ‘காஞ்சிவரம்’ படத்தில் மகளின் திருமணச் சேலைக்காக நெசவாளன் பட்டிழையை வாயில் ஒளித்துக் கடத்துவதைக் கண்டு கலங்கியவர்கள், வெளியே வந்ததும் தவம் என்ற சொல்லுக்குத் திரும்பிவிடுகிறார்கள்.

நன்றிக் குறிப்பேட்டையும் விட்டுவிட முடியாது. எம்மன்ஸும் மெக்கலோவும் 2003இல் செய்த சோதனையிலிருந்து அது புறப்பட்டது. 2023இல் டன்னிகன் ஃபோக், எலிசபெத் டன் இருவரும் ஊடகங்கள் ஓதும் ஐந்து உத்திகளை — நன்றியுணர்வு, பிறரோடு பழகுதல், தியானம், உடற்பயிற்சி, இயற்கையோடு இருத்தல் — சலித்துப் பார்த்தார்கள். போதிய ஆட்களோடும் முன்பே பதிவுசெய்த திட்டத்தோடும் நடந்த சோதனைகள் மிகக் குறைவு, சான்று மெலிது என்பதே அவர்கள் கண்டது. பயனில்லை என்று அவர்கள் சொல்லவில்லை, நாமும் சொல்லவில்லை. மெலிந்த சான்றுகள் மேடையில் முழங்க, வலுவானவை மூலையில் கிடப்பதைத்தான் சொல்கிறோம். கென்யாவில் ஏழைக் குடும்பங்களுக்கு நிபந்தனையின்றிப் பணம் கொடுத்தபோது மனநலம் உயர்ந்தது என்று ஹவுஷோஃபரும் ஷப்பீரோவும் 2016இல் காட்டினார்கள். தன்னம்பிக்கைப் பேச்சு எதிலும் இதை நாம் கேட்டதில்லை.

எதிர்முகாமுக்கும் ஒரு சொல். மகிழ்ச்சி ஆய்வே முதலாளியப் பித்தலாட்டம், வறியவனுக்கு மகிழ்ச்சி ஏது என்று ஒரே வீச்சில் தள்ளும் நண்பர்கள் நமக்குண்டு. கல்கத்தாவின் குடிசைவாசிகள், பாலியல் தொழிலாளர், நடைபாதைவாசிகள் என 83 பேரிடம் ராபர்ட் பிஸ்வாஸ்-டீனரும் எட் டீனரும் கேட்டு 2001இல் எழுதியதை அவர்கள் படிக்கலாம். வாழ்க்கையை மொத்தமாகக் கேட்டால் நிறைவு நடுநிலைக்குச் சற்றுக் கீழே. குடும்பம், நட்பு என்று தனித்தனியே கேட்டால் நிறைவு மேலே. கூடவே, வருமானம் சற்றுக் கூடியவரிடம் நிறைவும் கூடியிருந்தது. வறியவருக்கும் சிரிப்பும் பெருமிதமும் உண்டு. தம் கையால் முடித்த கோர்வையை விரித்துப் பார்க்கும் நெசவாளரின் முகத்தில் இருப்பதைப் பொய் என்று சொல்ல எவருக்கும் உரிமையில்லை. அந்தப் பெருமிதத்தைக் காட்டிக் கூலியைக் குறைக்கவும் எவருக்கும் உரிமையில்லை.

நம் நூல்களில் இவை ஒன்றாகவே இருந்திருக்கின்றன. குறளின் பொருட்பாலில் இடுக்கண் அழியாமை 63ஆம் அதிகாரம், நல்குரவு 105ஆம் அதிகாரம். மேடைகளில் முன்னது ஆண்டு முழுதும் ஒலிக்கிறது. வறுமை மனிதனின் சொல்லையும் மதிப்பையும் உறக்கத்தையும் எப்படித் தின்கிறது என்று சொல்லும் பின்னதை எத்தனை பேச்சாளர்கள் தொட்டிருக்கிறார்கள்? இதே காஞ்சிக்குப் பஞ்ச காலத்தில் வந்த மணிமேகலை அமுதசுரபியைத்தான் முதலில் எடுத்தாள். அறவண அடிகளிடம் தருமம் கேட்டது அதன் பிறகு. பசித்த ஊரில் முதலில் சொற்பொழிவு வைக்க வேண்டும் என்று சாத்தனாருக்குத் தோன்றவில்லை.

இன்னொருவரைப் பற்றிச் சொல்லி முடித்துக்கொள்கிறோம். கோர்வைத் தறியில் மறுகரையின் நாடாவைத் தள்ள இன்னோர் ஆள் வேண்டும். அந்த இடத்தில் ஒருகாலத்தில் குழந்தைகள் அமர்த்தப்பட்டார்கள். முன்பணத்துக்குப் பிணையாகக் காஞ்சிக் குழந்தைகள் தறிகளில் கட்டுண்டு கிடந்ததை ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் 2003இல் அறிக்கையாகவே வெளியிட்டது. குழந்தைகள் பள்ளிக்குப் போக, இன்று அந்த இடத்தில் பெரும்பாலும் மனைவி அமர்கிறார். கூலி சேலைக்குத்தான், ஆளுக்கு இல்லை. அவருக்கென்று தனியே எதுவும் எண்ணி வைக்கப்படுவதில்லை. தார் சுற்றுவதும் சமைப்பதும் தண்ணீர் பிடிப்பதும் இதற்கு முன்னும் பின்னும். தவம் பற்றிய பேச்சுகளில் தறிக்குழியில் கால் வைத்தவரைத்தான் வருணிக்கிறார்கள். கேள்வித்தாளோடு இனி யாரேனும் அந்தத் தெருவுக்கு வந்தால் நாடாவின் மறுபக்கம் இருப்பவரிடமும் கேட்கட்டும்; அவர் விடை சொல்லும் நேரத்துக்கும் கூலி வைத்துக் கேட்கட்டும்.